பத்தாவது டின்

மூன்றாவது தடவை கடந்துபோனபோதும் எமில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவதுபோல நடித்துக்கொண்டிருந்தார். லம்பர்ட்டுக்கு அதில் சந்தேகமே இல்லை. எழுபது வருடமாக அந்த ஆளுக்குத் தம்பியாகக் காலம் தள்ளியவருக்கு, எது நிஜத் தூக்கம், எது வீம்புத் தூக்கம் என்று தெரியாதா?

மடக்கு நாற்காலியில் கால்களை நீட்டிப் போட்டு, இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் ஆழமாக விட்டுக்கொண்டு, அண்ணன் மர நிழலில் கிடந்தார். அவர்மேல் ஒன்பது காலி பியர் டின்கள் வரிசையாக நின்றன. இரண்டு தொடையிலும் மும்மூன்று, வயிற்றின்மேல் ஒன்று, பூட்ஸ் முனைக்கு ஒன்றாக இரண்டு.

விசித்திர வண்டிகளைத் தாங்களே கட்டிக் கொண்டுவந்து காட்டுகிறவர்களின் வருடாந்தரக் கூட்டம் அது, அங்கே இது ஒரு பழக்கம். யாராவது தன் வண்டிக்குப் பின்னால் கண்ணயர்ந்துவிட்டால், போகிறவர் வருகிறவரெல்லாம் குடித்து முடித்த டின்னை அவர்மேல் வைத்துவிட்டுப் போவார்கள். எழுப்பக் கூடாது. யார் வைக்கும்போது ஆள் விழித்துக்கொள்கிறாரோ, அவர் போய்க் குளிர்ந்த டின் ஒன்று கொண்டுவந்து தரவேண்டும். அதனால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேலே விரல்கூடப் படாமல் வைப்பார்கள். சாதாரணமாக மூன்று நான்குக்கு மேல் நிற்காது, ஆள் மூச்சு விட்டாலே ஆடி விழுந்துவிடும். சகோதரர்களின் பழைய நண்பர் கிளெம் என்றோ ஒரு வருடம் வாங்கிய பதினொன்றுதான் இதுவரைக்கும் யாரும் தொடாத கணக்கு.

"அசையவே மாட்டேங்கிறான் பாரு, கில்லாடி" என்று பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "இன்னைக்கு கிளெம்மைக் கவுத்துடுவான் உங்க அண்ணன்."

"கவுத்துத்தான் பழக்கம் அவனுக்கு" என்றார் லம்பர்ட்.

கையில் தக்காளிச் சாறு கலந்த பியர் மிச்சம் ஒரு வாய் இருந்தது. குடித்து முடித்தார். ஒரு நிமிடம் நின்றார். அண்ணனோடு பேசப்போவதில்லை என்று காலையிலேயே முடிவு செய்திருந்தார், அந்த முடிவில் மாற்றமில்லை. ஆனால் டின் வைப்பது பேச்சில் சேராது. குனிந்து, வயிற்றில் இருந்த டின்னுக்குப் பக்கத்தில் தன்னுடையதை வைத்தார். அது ஆடாமல் நின்றது. பத்து. மனதுக்குள் கொஞ்சம் லேசானதுபோல இருந்தது, அதை ஒத்துக்கொள்ளப் பிடிக்காமல் வேகமாக நடந்தார். அப்போது மணி இரண்டரை.

எல்லாம் காலையில் அந்த அட்டையில் ஆரம்பித்தது.

லம்பர்ட் முந்தின நாளே தன் பிக்கப்பில் வந்துவிட்டார். மைதானத்தில் முளை அடித்துக் கயிறு கட்டுகிற வேலைக்கு ஒவ்வொரு வருடமும் அவரைக் கூப்பிடுவார்கள். எமில் காலை எட்டு மணிக்கு, நாற்பது மைல் தூரத்தையும் ஓட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். அவர் வருகிறார் என்பது சோளக் காட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே காதுக்குத் தெரிந்துவிடும். அந்த எஞ்சின் சத்தம் அப்படி.

அவர்கள் வண்டி ஒரு பள்ளிக்கூடப் பேருந்து. ஐம்பத்தொன்றாம் வருடத்து மஞ்சள் பேருந்து, அண்ணனும் தம்பியும் சிறுவயதில் ஏறிப்போன அதே வண்டி. எவனோ ஒரு குடியானவன் அதில் கோழிகளை அடைத்து வைத்திருந்தான். எமில் அதைக் கண்டுபிடித்து இழுத்துவந்து, நடுப்பகுதியை மொத்தமாக வெட்டி எடுத்துவிட்டார். முன்பக்கம் இருந்தது, பின்பக்கம் இருந்தது, நடுவில் ஒன்றுமில்லை. ஓட்டுநர் இருக்கை, அதற்குப் பின்னால் ஒரே ஒரு பெஞ்சு, பக்கத்துக்கு ஒரு ஜன்னல், அவ்வளவுதான் பேருந்து. ஆள் உயரத்துக்குப் புகைக்குழாய். முதல் தடவை பார்க்கிறவர்கள் சிரிக்காமல் போனதில்லை. யோசனையும் வெட்டும் வர்ணமும் எமிலுடையது. வெல்டிங், மின்சார வயர், எஞ்சின் மூன்றும் லம்பர்ட்டுடையது. நெப்ராஸ்காவின் ஆறு குளிர்காலங்களை அதற்குள் போட்டிருந்தார்கள்.

கண்ணாடியில் செருகியிருந்த காட்சி அட்டையைத்தான் லம்பர்ட் முதலில் பார்த்தார். வருடம், எஞ்சின், உரிமையாளர் எல்லாம் வழக்கம்போல இருந்தது. கீழே, 'கட்டியவர்' என்ற வரியில் எமில் ஹாவ்லிக் என்று இருந்தது. அதோடு சரி. போன வருடம்வரை இரண்டு பேர் இருந்த இடம் அது.

"இதென்னடா?"

"எது?"

"இதான். கட்டினவர் எமில் ஹாவ்லிக்காம். அப்ப நான் யாரு? ஆறு குளிர்காலம் உன் ஷெட்டுல பல்லு கிட்டிக்கிட்டு வண்டிக்கு அடியில கெடந்தது யாரு? மிச்சமிருந்த கோழியா?"

எமில் அட்டையை எட்டிப் பார்த்தார். அப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுற்றிலும் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள், காலைக் காபியும் பழம் வைத்த கொலாச்சே ரொட்டியுமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார்.

"எழுதினது எழுதியாச்சு. அட்டைதானே, விடு."

"மாத்தி எழுது." லம்பர்ட் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி நீட்டினார்.

எமில் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பேனாவை வாங்கவில்லை. "இப்ப முடியாது."

"முடியாதா, மாட்டியா?"

"எப்படி வேணாலும் வெச்சுக்கோ."

"எல்லாருக்கும் முன்னாடி சொல்லுடா. ரெண்டு கரண்டிய ஒண்ணா ஒட்டவைக்கத் தெரியுமா உனக்கு? நான் இல்லாட்டி இது இன்னும் கோழிக்கூண்டுதான்."

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். எமில் சிரிக்கவில்லை. "போடா. போய் மத்த வண்டியெல்லாம் பாத்துட்டு வா" என்றார்.

லம்பர்ட் போனார். பேனா கையிலேயே இருந்தது, அதை மூடக்கூட மறந்துபோய் சட்டையில் மை வைத்துக்கொண்டார்.

பார்க்க வண்டிகளுக்கு அந்த வருடம் பஞ்சமில்லை. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிற தகரத் தொட்டிக்கு நான்கு சக்கரமும் எஞ்சினும் வைத்து ஒருவன் உள்ளே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். பனிக்காலத்தில் ஏரிமேல் போட்டு மீன்பிடிக்கிற மரக் குடிசை ஒன்று, ஜன்னலில் திரைச்சீலையோடு, புகை விட்டுக்கொண்டு நின்றது. ஒரு பல் வைத்தியர் தன்னுடைய பழைய நோயாளி நாற்காலியை ஓட்டுநர் இருக்கையாக வைத்திருந்தார், அதில் உட்கார்ந்தால் தலைக்குமேல் விளக்கு எரிந்தது. வேறு எந்த வருடமாக இருந்தாலும் லம்பர்ட் ஒவ்வொன்றுக்கும் அடியில் படுத்துப் பார்த்திருப்பார். இந்தத் தடவை கண் பார்த்தது, மனம் அட்டையிலேயே நின்றது.

பதினொன்றரைக்கு முதல் தடவையாக அந்தப் பக்கம் போனார். போகவேண்டிய வேலை ஒன்றுமில்லை. எமில் அப்போது நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். தம்பியின் நடையைக் கேட்டதும் தொப்பியின் முனையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். லம்பர்ட் எதிர் வரிசையில் இருந்த ஒரு வண்டியின் சக்கரத்தை அதிசயமாகப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பியபோது தொப்பி கவிழ்ந்திருந்தது. 'தூங்கு, எனக்கென்ன' என்று நினைத்துக்கொண்டு நகர்ந்தார்.

அப்புறம் ஒரு மணி நேரத்துக்குமேல் கிளெம்மின் வண்டியில் கழிந்தது.

கிளெம் வைத்திருந்தது ஒரு பாவசங்கீர்த்தனக் கூண்டு. பக்கத்து ஊரில் கோயிலை மூடியபோது ஏலத்தில் எடுத்தது, ஓக் மரம், சிலுவை செதுக்கியது. அதைத் தூக்கி ஒரு பிக்கப்பின் சட்டத்தின்மேல் வைத்துவிட்டார். பாதிரியார் உட்காருகிற பக்கத்தில் ஸ்டீயரிங். பாவம் சொல்கிறவர் முழங்காலிடுகிற பக்கத்தில் விருந்தாளி. நடுவில் அதே பழைய கம்பிச் சல்லடை. கூட்டத்தில் எல்லோரும் ஒரு தடவை உள்ளே போய் முழங்காலிட்டு, ஈயம் பூசவேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் பசை பூசியதையும், எஞ்சின் குதிரைசக்தியைக் கூட்டிச் சொன்னதையும் அறிக்கையிட்டுவிட்டு வருவார்கள். வெளியே நிற்பவர்களுக்குக் கேட்க ஒரு ஒலிபெருக்கிகூட வைத்திருந்தார் கிளெம்.

"ஃபாதர், நான் ஆறு வருஷமா ஒரு திருடனோட வேலை பாத்திருக்கேன்" என்று ஆரம்பித்தார் லம்பர்ட்.

"உன் பாவத்தைச் சொல்லுடா, ஊரான் பாவத்தைச் சொல்லாத" என்றது சல்லடை.

வெளியே சிரிப்பு. லம்பர்ட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. எமில் வயரை மாற்றிச் செருகி ஷெட்டையே கொளுத்தப் பார்த்தது, பெயின்ட் காயும் முன்னே உட்கார்ந்து கால்சட்டையோடு ஒட்டிக்கொண்டது, பன்னிரண்டு வயதில் தம்பியின் சைக்கிளைத் தன்னுடையது என்று சொல்லிப் போட்டியில் பரிசு வாங்கியது என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டார். இவ்வளவு நன்றாகப் பேசவரும் என்று அவருக்கே தெரியாது. கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு கட்டத்தில், அண்ணனுக்கும் இது காதில் விழவேண்டும் என்று குரலைக்கூட உயர்த்தினார். இடையில் அறுபது எழுபது அடிதான்.

"முடிஞ்சுதா?" என்றார் கிளெம். "சரி, பரிகாரம். நேரா போய் அவனுக்கு ஒரு வணக்கம் சொல்லு. ஒண்ணு போதும்."

லம்பர்ட் போனார். இரண்டாவது தடவை அது. எமில்மேல் ஐந்து டின் இருந்தது. இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச வரவில்லை, அவ்வளவு திமிர் என்று தோன்றியது. வணக்கம் சொல்லாமலே திரும்பினார். ஒரு சாப்பாட்டு வண்டிக்குப் போய் முட்டைக்கோஸும் இறைச்சியும் வைத்த ரன்சா ஒன்று வாங்கித் தின்றார். மூன்றாவது தடவைதான் டின்.

நான்கு மணிக்கு ஊர்வலம். ஒலிபெருக்கியில் ஜோனெல் பெயர் வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு வண்டியாகக் கிளப்பி வரிசைக்கு வரவேண்டும். அவள்தான் அந்தக் கூட்டத்தை நடத்துகிறவள். மைதானம் முழுக்க எஞ்சின்கள் உறுமின, தரை அதிர்ந்தது. தகரத் தொட்டி போனது. மீன்பிடிக் குடிசை போனது. "அடுத்து, ஹாவ்லிக் சகோதரர்களோட குட்டைப் பேருந்து" என்றாள் ஜோனெல். அட்டையில் என்ன இருந்தாலும் அவளுக்கு அது சகோதரர்களுடைய வண்டிதான்.

பேருந்து கிளம்பவில்லை.

"ஹாவ்லிக்! எந்திரிங்கப்பா!"

லம்பர்ட் வேகமாக நடந்தார். உண்மையாகவே கோபம் வந்திருந்தது. தன்மேல் இருக்கிற வீம்பில் வண்டியை அவமானப்படுத்துகிறானே என்ற கோபம். எமில்மேல் இப்போது பன்னிரண்டு டின்கள். கிளெம்மின் கணக்கு உடைந்துவிட்டது. சுற்றிலும் பத்துப் பேர் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"போதும்டா நடிப்பு" என்று சொல்லி நாற்காலிக் காலை பூட்ஸால் உதைத்தார்.

டின்கள் சடசடவென்று சரிந்து விழுந்தன. எல்லோரும் ஹோவென்று கத்திக் கைதட்டினார்கள். தொப்பியும் விழுந்தது. கைதட்டல் கொஞ்ச நேரம் தொடர்ந்தது, பின்னால் நின்றவர்களுக்கு எமிலின் முகம் தெரியவில்லை.

லம்பர்ட் முட்டி போட்டு உட்கார்ந்தார். அண்ணனின் தாடையைத் தொட்டார். ஆகஸ்ட் மாதத்து வெயிலில் அப்படி ஒரு சில்லிப்பு இருக்க நியாயமில்லை. "எமில்" என்றார். காலை எட்டு மணிக்கு அப்புறம் அண்ணனைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை.

ஒருவர் மாற்றி ஒருவர் எஞ்சின்களை அணைத்தார்கள். கடைசி வண்டியும் அணைந்த பிறகு, சோளக் காட்டில் காற்று போகிற சத்தம் கேட்டது.

ஆம்புலன்ஸ் வந்தது, அவசரமில்லை என்று தெரிந்து விளக்கை அணைத்தது. மாவட்டத்து மருத்துவ அதிகாரி ஒரு இளைஞன். மண்டியிட்டுப் பார்த்துவிட்டு, லம்பர்ட்டைத் தனியாக அழைத்துப்போனான்.

"இதயம்தான். தூக்கத்துலயே போயிருக்கார். வலி தெரிஞ்சிருக்காது."

"எப்ப?"

"கரெக்டா சொல்ல முடியாது சார். பன்னெண்டு, பன்னெண்டரை."

லம்பர்ட் கணக்குப் போட்டார். கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. பதினொன்றரைக்கு தொப்பி தூக்கிப் பார்த்தது. பன்னிரண்டிலிருந்து ஒரு மணிக்குமேல் வரைக்கும் கூண்டுக்குள் சிரிப்பு. இரண்டரைக்கு டின். "பாத்திருந்தா?" என்று கேட்டார். "பக்கத்துல யாராவது இருந்து, உடனே பாத்திருந்தா?"

இளைஞன் தன் ஷூவைப் பார்த்தான். "சில சமயம் காப்பாத்தலாம். சில சமயம் முடியாது. அதை யோசிக்காதீங்க."

அதைத் தவிர வேறு எதை யோசிப்பது என்று அவன் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது, நான்கைந்து கிழவர்கள் புல்லில் குனிந்து டின்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டின் வைத்த பன்னிரண்டு பேரும் அங்கேயேதான் இருந்தார்கள். எமிலின் மனைவிக்குத் தகவல் சொல்லியிருந்தார்கள். "டெலோரிஸ் வர்றதுக்குள்ள" என்று கிளெம் மெல்லச் சொன்னார். கறுப்புப் பிளாஸ்டிக் பை ஒன்றில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டினார்கள். படம் எடுத்தவர்கள் கைபேசியில் அவற்றை அழித்துக்கொண்டிருந்தார்கள், அதை ஜோனெல் ஒவ்வொருவரிடமும் நின்று பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

டெலோரிஸ் ஐந்து மணிக்கு வந்தார். பக்கத்து வீட்டுக்காரி காரில் கொண்டுவந்து விட்டிருந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது, ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. போர்வையை விலக்கி எமிலின் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு இருந்தது, அதைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டார். அது போகவில்லை. அப்புறம் எமிலின் கையைப் பைக்குள்ளிருந்து எடுத்து, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அழவில்லை.

"தனியாவா இருந்தான்?" என்று கேட்டார், யாரிடம் என்றில்லாமல்.

லம்பர்ட் வாயைத் திறந்தார். கிளெம் முந்திக்கொண்டார்.

"என்ன கேள்வி டெலோரிஸ்? ரெண்டு பேரும் நாள் பூரா ஒண்ணாத்தான். வழக்கம்போல சண்டை போட்டுக்கிட்டு, எங்க காதைக் கிழிச்சிக்கிட்டு. அப்புறம் அசந்து தூங்கிட்டான். இவன் பக்கத்துலதான் இருந்தான்."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர்கூட ஆட்டாமல் விடவில்லை. அவர்கள் தனக்குச் செய்வது பெரிய உபகாரம் என்று லம்பர்ட்டுக்குத் தெரிந்தது. அதோடு, அது தன் தலையில் ஏற்றப்படுகிறது, இனி இறக்கிவைக்க முடியாது என்பதும் தெரிந்தது.

"அப்பாடா" என்று பெருமூச்சு விட்டார் டெலோரிஸ். "அது போதும் எனக்கு."

வேன் வந்து எமிலை ஏற்றிக்கொண்டது. ஊரில் இருக்கிற இறுதிச் சடங்கு வீட்டுக்கு நேரே கொண்டுபோய்விடுவதாகச் சொன்னார்கள். பேருந்தை டிரெய்லரில் ஏற்றி அனுப்புகிறேன் என்று இரண்டு மூன்று பேர் முன்வந்தார்கள்.

"வேணாம்" என்றார் டெலோரிஸ். "அவன் என்னைக்கும் அதை இன்னொரு வண்டி முதுகுல ஏத்தினதில்ல. லம்பர்ட் ஓட்டட்டும். நானும் அதுலயே வர்றேன்."

ஏறப் போனவர் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டார். அந்த அட்டையை உருவி எடுத்தார். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஐயோ. நெனச்சேன்."

"என்ன?"

"இதை நான்தான் எழுதினேன் லம்பர்ட். நேத்து ராத்திரி சமையலறை மேசையில. அவனுக்கு மார்ச்சுல இருந்தே கை நடுங்குது, உனக்குத் தெரியாது. பேனா பிடிச்சா கோழி கிளறின மாதிரி இருக்கும். யாருகிட்டயும் சொல்லாதன்னான். முக்கியமா உன்கிட்ட சொல்லாதன்னான். தெரிஞ்சா ஷெட்டுல ஒரு கருவியத் தொட விடமாட்டான் அவன், என்னை உக்கார வெச்சிருவான்னு." அட்டையைத் தட்டினார். "போன வருஷம் மாதிரியே எழுதுன்னு சொல்லிட்டு தூங்கப் போயிட்டான். நான் பாட்டுக்கு மேல இருந்த பேரையே கீழயும் எழுதிட்டேன். காலைல வண்டி தெருமுனை தாண்டினப்புறம்தான் எனக்கு உறைச்சுது. போன் பண்ணலாம்னா இந்தச் சத்தத்துல அவனுக்கு எங்க கேக்கப்போவுது? நாள் பூரா இதே நெனப்புதான். நீ பாத்துட்டு ஏதும் மனசு வருத்தப்பட்டியோ?"

லம்பர்ட்டுக்கு எல்லாம் ஒரே சமயத்தில் புரிந்தது. நீட்டிய பேனா, பைக்குள் போன கைகள், சுற்றி நின்று சிரித்தவர்கள். முடியாது என்று அண்ணன் சொன்னது முடியாது என்பதைத்தான். ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம், அந்தக் கழுதை. டெலோரிஸ் எழுதினாள் என்று சொல்லியிருக்கலாம். நாலு பேருக்கு முன்னால் அவன் அதைச் சொல்லியிருப்பானா? கரண்டி ஒட்டவைக்கத் தெரியாது என்று தம்பி கத்திக்கொண்டிருக்கும்போது? இரண்டு பேருக்கும் ஒரே வீம்பு. அப்பாவிடமிருந்து வந்தது, அதைப் பங்கு பிரிக்கும்போது மட்டும் சண்டை வரவில்லை.

டெலோரிஸ் பதிலுக்குக் காத்திருந்தார். மாவு ஒட்டிய விரல்களுக்கு நடுவில் அட்டை இருந்தது.

உண்மையைச் சொன்னால் தன் பாரம் பாதி குறையும். குறைகிற பாதி நேராக அந்த விரல்களுக்குப் போகும். ஒரு வரியைத் தப்பாக எழுதியதற்காக, மிச்சமிருக்கிற காலம் முழுக்க அந்தச் சமையலறை மேசையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"நான் அட்டையவே பாக்கல" என்றார் லம்பர்ட்.

"நெஜமா?"

"எத்தனை தடவை பாக்குறது அதை? எஞ்சின் என்ன, வருஷம் என்னன்னு எனக்குத் தெரியாதா?"

டெலோரிஸ் அவரை ஒரு நொடி பார்த்தார். அப்புறம் அட்டையை இரண்டாக மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டார். பக்கவாட்டில் ஏறி, அந்த ஒற்றைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சிறு பிள்ளைகளுக்கான பெஞ்சு அது, முழங்கால் முன் இருக்கையில் இடித்தது.

லம்பர்ட் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். எமிலின் நீளக் காலுக்குத் தகுந்தபடி அது பின்னால் தள்ளியிருந்தது. நுனிக்கு வந்து உட்கார்ந்துதான் பெடலை எட்டினார். சாவியைத் திருப்பினார், வண்டி அலறிக்கொண்டு கிளம்பியது. மைதானத்தில் ஆட்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி இரண்டு பக்கமும் நின்றார்கள். வேறு எந்த வண்டியும் எஞ்சினைப் போடவில்லை.

சோளக் காட்டுக்கு நடுவில் சாலை நேராகப் போனது. வெயில் இன்னும் இறங்கவில்லை. ஐந்தாறு மைல் போனார்கள். அந்தச் சத்தத்தில் பேச முடியாது, கத்தத்தான் வேண்டும்.

"லம்பர்ட்!" டெலோரிஸ் அவர் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து கத்தினார். "கடைசியா உன்கிட்ட என்ன சொன்னான்?"

லம்பர்ட் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு தானிய லாரி வந்து, கடந்து, போய்விட்டது.

"மத்த வண்டியெல்லாம் போய்ப் பாத்துட்டு வான்னான்."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"நல்லா இருந்துதா?"

அவர் சொன்ன பதில் அவருக்கே கேட்கவில்லை.

"என்ன?" டெலோரிஸ் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு இன்னும் முன்னால் வந்தார். "கேக்கல! சத்தமாச் சொல்லு!"

லம்பர்ட் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, வண்டி சத்தத்துக்கு மேலே குரலை எடுத்துக் கத்தினார்.

"நல்லா இருந்துது!"